ஒரு வழுக்கைத் தலையும் இரண்டு சுயசரிதைகளும்

1920களில் நைரோபியைச் சுற்றிக் குடியேறியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு மூன்று தொழில்கள் இருந்தன. பகலில் விவசாயம் செய்து நஷ்டப்படுவது, சாயங்காலம் முத்தைகா கிளப்பில் உட்கார்ந்து அந்த நஷ்டத்தை மறக்கக் குடிப்பது, ராத்திரியில் அடுத்தவர் மனைவியை க்ஷேமம் விசாரிப்பது. நான்காவதாக ஒன்று உண்டு. ஊரைக் காலி செய்துகொண்டு போன பிறகுதான் அதை ஆரம்பிப்பார்கள். சுயசரிதை. முதல் மூன்றில் விட்ட முதலை நான்காவதில் திருப்பி எடுத்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான். இரண்டு பேரும் பெண்கள்.

ஒருவர் டென்மார்க்கின் கேரன் பிளிக்சன். 1937இல் 'அவுட் ஆஃப் ஆப்ரிக்கா' எழுதியவர். இன்னொருவர் பெரில் மார்க்கம். இங்கிலாந்தில் பிறந்து, நாலு வயது வாக்கில் கென்யாவுக்குத் தூக்கிவரப்பட்டவர். 1942இல் 'வெஸ்ட் வித் த நைட்' எழுதினார். ஒரே நாடு, ஒரே காலம், ஒரே கிளப், ஒரே கூட்டம். ஒரே காதலன்கூட. ஆனால் இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வாசித்தால் இவர்கள் இருவரும் ஒரே கண்டத்தில் இருந்தார்களா என்றே சந்தேகம் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த இரண்டு பேரும் பூசணித் தோட்டத்தையே மறைத்தவர்கள். மறைத்த விதம்தான் இலக்கியம்.

முதலில் கணவர்மார்களைப் பார்த்துவிடலாம். சீக்கிரம் முடிந்துவிடும், அவர்கள் புத்தகத்தில் இல்லை.

கேரன் அம்மாள் விரும்பியது ஹான்ஸ் பிளிக்சன் என்ற ஸ்வீடன் நாட்டுச் சீமானை. அவர் கண்டுகொள்ளவில்லை. ஹான்ஸுக்கு ஓர் இரட்டைப் பிறவி, பெயர் புரோர். இவர் கண்டுகொண்டார். தூரத்து உறவு வேறு. சரி, முகம் ஏறக்குறைய ஒன்றுதானே என்று முடித்துவிட்டார்கள். 1914 ஜனவரி 14, மொம்பாசாவில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஸ்வீடன் இளவரசர் வில்ஹெல்ம். பெண்ணுக்குப் 'பாரனெஸ்' பட்டம் கிடைத்தது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டுப் பணம் கிடைத்தது. நம் ஊர் ஜமீன் கல்யாணங்களில் நடக்காத எதுவும் அங்கே நடந்துவிடவில்லை.

அந்தப் பணம் கொடுக்கப்பட்டது பால் பண்ணை வைக்க. பெண் வந்து சேர்வதற்குள்ளேயே மாப்பிள்ளைக்கு யோசனை மாறிவிட்டது. மாடாவது, பாலாவது, எதிர்காலம் காபியில்தான் இருக்கிறது என்று என்கோங் மலையடிவாரத்தில் காபித் தோட்டம் வாங்கிவிட்டார். வந்திறங்கிய மணப்பெண்ணிடம் இதை எந்த முகத்தோடு சொன்னாரோ. இடம் கடல் மட்டத்துக்கு 6000 அடிக்கும் மேலே. மழை போதாது, மண் புளிப்பு. காபிக்குச் சற்று உயரம் அதிகம்தான் என்பதைக் கேரன் அம்மாளே புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில் ஒப்புக்கொண்டுவிடுகிறார். பிறகு ஏக்கருக்கு 600 செடி வீதம் 600 ஏக்கர் நட்டதையும் சொல்கிறார். பெருக்கிப் பார்த்தால் 3,60,000 செடிகள். வளராத இடம் என்று தெரிந்தே மூன்றரை லட்சம் செடி நடுவதற்கு ஒரு மனம் வேண்டும். அந்த மனம் விவசாயிக்கு இருந்தால் திவால், எழுத்தாளருக்கு இருந்தால் காவியம். கேரன் அம்மாளுக்கு இரண்டும் வாய்த்தன.

நல்ல டிகிரி காபி குடித்து வளர்ந்த எவரும் இந்தத் தோட்டத்தின் கதையைப் பதற்றமில்லாமல் படிக்க முடியாது. வறட்சி, வெட்டுக்கிளி, விலைச் சரிவு. காபி பதப்படுத்தும் ஆலை ஒருமுறை தீப்பற்றி எரிந்தது. டென்மார்க்கில் தாய்மாமன் ஓகே வெஸ்டென்ஹோல்ஸ் கம்பெனித் தலைவராக உட்கார்ந்து, லாபம் எங்கே லாபம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாள் பதிலுக்கு அழகான கடிதங்கள் அனுப்பினார். பங்குதாரர்களுக்கு டிவிடெண்டுக்குப் பதில் உரைநடை கிடைத்தது.

புரோர் இதற்கிடையில் வேட்டைக்குப் போனார், விருந்துக்குப் போனார், மற்ற இடங்களுக்கும் போனார். மற்ற இடங்களிலிருந்து ஒரு வியாதியைக் கொண்டுவந்து மனைவிக்குக் கொடுத்ததாக அம்மாளே நம்பினார். 1915இல் அதற்கு வைத்தியம் பார்க்க டென்மார்க் வரைக்கும் போகவேண்டி வந்தது. 1925இல் விவாகரத்து. இந்த விவரம் ஒன்றுகூடப் புத்தகத்தில் கிடையாது. 'என் கணவர்' என்று ஓர் ஆசாமி போர்க்காலத்தில் எட்டிப்பார்க்கிறார். எல்லையில் இருக்கிறோம், மாட்டு வண்டியில் சாமான் ஏற்றி அனுப்பு என்று சேதி சொல்கிறார். அம்மாள் தானே வண்டிகளோடு கிளம்பி மூன்று மாதக் கணக்கில் காட்டில் திரிந்ததை மிகப் பிரமாதமாக எழுதுகிறார். சாமானைப் பெற்றுக்கொண்ட கணவர் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்பதை வாசகர் கேட்கக்கூடாது.

பெரில் இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேல். மூன்று கணவர்கள். புத்தகத்தின் கதைக்குள் ஒருவருக்கும் இடமில்லை. 1929இல் பிறந்த மகன் இல்லை. அப்பாவையும் ஆப்பிரிக்காவையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிப்போன அம்மா இல்லை. பிரிட்டிஷ் ராஜாவின் மகன் ஹென்றியோடு ஏற்பட்ட சிநேகம், அதனால் அரண்மனை வரை எழுந்த புகைச்சல், விவகாரம் கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க 15,000 பவுண்டை முதலாகப் போட்டு வருஷத்துக்கு 500 பவுண்டு ஆயுசு வரைக்கும் கிடைக்கச் செய்த ஏற்பாடு என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அம்மணி மூச்சு விடவில்லை. அதே சமயம், கேம்சிஸ்கன் என்று ஒரு குதிரை வருகிறது, பெகாஸஸ் என்று ஒன்று வருகிறது, கால் நரம்பு கெட்டுப்போன வைஸ் சைல்ட் என்ற பெட்டைக் குதிரை பந்தயத்தில் ஓடும் ஓட்டம் வருகிறது. அதை வாசிக்கும்போது நமக்கு முழங்கால் வலிக்கிறது. குதிரைகளுக்குக் குலம் கோத்திரம் உண்டு. கணவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

இதில் வேடிக்கை, கேரன் அம்மாள் ஒதுக்கி வைத்த கணவர் பெரிலின் புத்தகத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். 'பிளிக்ஸ்' என்று செல்லப் பெயர். யானை வேட்டையில் உயிர்போகிற நேரத்திலும் ஜோக் அடிக்கிற, கடன்காரர்களைத் தவிர எல்லோருக்கும் பிடித்துப்போகிற மனிதர். பெண்டாட்டியின் புத்தகத்தில் மாட்டுவண்டிச் சாமானுக்கு முகவரியாக இருந்தவர், ஊரார் புத்தகத்தில் கதாநாயகன். எத்தனையோ குடும்பங்களில் இப்படித்தான்.

இனி அந்த வழுக்கைத் தலை.

டெனிஸ் ஃபின்ச் ஹேட்டன் பிரபு குடும்பத்து இரண்டாவது பிள்ளை. பட்டமும் சொத்தும் அண்ணனுக்குப் போய்விட்டதால் அழகும் ஓய்வும் இவர் பங்குக்கு வந்தன. ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு. வேல்ஸ் இளவரசர் மாதிரியான ஆட்களை வேட்டைக்கு அழைத்துப்போவது தொழில். நல்ல ஒயின், கிராமஃபோன் தட்டு, கிரேக்கக் கவிதை என்று எதிலும் ரசனை. இளம் வயதிலேயே முடி கொட்டிவிட்டதால் எப்போதும் தொப்பி. இரண்டு வேட்டைகளுக்கு நடுவே கேரன் அம்மாள் வீட்டில் வந்து தங்குவார். தரையில் மெத்தைகளைப் போட்டுக் கணப்புக்கு முன்னால் சாய்ந்துகொண்டு, கதை சொல் என்பார். அம்மாள் இட்டுக்கட்டிக்கொண்டே போவார். பதிலுக்கு அவர் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் யானைகள் அவசரமாகக் கூப்பிடும்.

கேரனின் புத்தகத்தில் இவர் தேவர். பெரிலின் புத்தகத்திலும் தேவர்தான். காதலர் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. 1930 தாண்டியதும் தேவர் ஓர் ஆலயத்திலிருந்து இன்னோர் ஆலயத்துக்கு எழுந்தருளத் தொடங்கியிருந்தார் என்பது பிற்பாடு மற்றவர்கள் எழுதித்தான் தெரியும். வயது வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும்: கேரன் பிறந்தது 1885இல், பெரில் 1902இல். இருவருக்கும் அறிமுகமும் உண்டு. கேரன் வீட்டு உபசாரத்தைப் பெரில் அனுபவித்தும் இருக்கிறார்.

1931 மே மாதம் டெனிஸ் தன் ஜிப்ஸி மாத் விமானத்தில் வோய் பக்கம் பறந்து போக ஏற்பாடு செய்தார். ஆகாயத்திலிருந்து யானைக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். அவருக்கு ஓர் இடம் போனால் மிச்சம் ஓர் இடம்தான். இந்த ஓர் இடத்துக்கு இரண்டு சுயசரிதைகளிலும் ஆள் இருக்கிறது.

கேரன் எழுதுவது இப்படி: நானும் வருகிறேன், கடலைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். முதலில் சரி என்றார். அப்புறம், வழி கரடுமுரடு, காட்டில் இறங்கித் தூங்கவேண்டி வரும், ஒரு வேலையாள்தான் கூட வரவேண்டும் என்று மறுத்துவிட்டார். பெரில் எழுதுவது இப்படி: வோய்க்குப் போகிறேன், நீயும் வா என்று டெனிஸ் கூப்பிட்டார். எனக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த டாம் கேம்பல் பிளாக், நாளைக்கு வேண்டாம் என்று எதையோ மனதில் வைத்துக்கொண்டு தடுத்தார், நான் போகவில்லை. ஒருத்தி கேட்டுக் கிடைக்காதவள், ஒருத்தி கிடைத்தும் போகாதவள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தக் கரடுமுரடு வழி எந்தத் திசையில் இருந்தது என்று விளங்கும்.

மே 14 காலை வோயிலிருந்து கிளம்பிய விமானம் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே விழுந்து எரிந்தது. அந்த இடத்தில் உண்மையில் உட்கார்ந்திருந்தவர் பெயர் கமாவ், டெனிஸின் கிக்குயு இன வேலைக்காரர். அவரும் செத்தார். டெனிஸை என்கோங் மலையில் புதைத்ததையும், அந்தச் சமாதியின்மேல் சிங்கங்கள் வந்து படுத்துக்கொள்வதாக வந்த சேதியையும் கேரன் அம்மாள் எழுதியிருக்கும் விதத்தைப் பற்றிக் கேலி பேச எனக்குத் துணிவில்லை. அவ்வளவு நன்றாக இருக்கிறது. கமாவுக்குச் சிங்கம் கிடையாது. இரண்டு ராணிகளும் உட்கார முடியாமல் போன நாற்காலியில் உட்கார்ந்ததற்கு அவருக்குக் கிடைத்தது ஓரிரண்டு வரி.

1985இல் ஹாலிவுட்காரர்கள் இதைப் படமாக எடுத்தபோது டெனிஸாக நடிக்க ராபர்ட் ரெட்ஃபோர்டைப் போட்டார்கள். தலை நிறையத் தங்கமுடி. பேச்சில் ஈட்டன் வாசனை துளியும் இல்லை. ஏழு ஆஸ்கர் கொடுத்தார்கள். உலகத்தில் வேறெந்த வழுக்கைக்கும் இவ்வளவு நல்ல வைத்தியம் கிடைத்ததில்லை. அந்தப் படத்தில் ஃபெலிசிட்டி என்று ஒரு துடுக்கான சின்னப் பெண் வருவாளே, அவள் பெரிலின் சாயல். பெயரைக் காணோம். கேரன் அம்மாள் இறந்து 23 வருஷம் ஆகியும் அவருடைய கதைக்குள் பெரில் தன் சொந்தப் பெயரோடு நுழைய முடியவில்லை.

இலக்கிய மதிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விமரிசகர் கமாந்தே. கேரன் அம்மாளின் சமையல்காரர். கால் முழுக்கப் புண்ணோடு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிக்குயுச் சிறுவனாக வந்தவர். ஸ்காட்லாந்து மிஷன் ஆஸ்பத்திரியில் காலைக் குணமாக்கிக்கொண்டு திரும்பி, அடுப்படிக்கு வந்து மேதையானார். எழுதப் படிக்கத் தெரியாது. ஐரோப்பியப் பண்டங்களின் செய்முறை எல்லாம் தலைக்குள். அவற்றுக்குப் பெயர் வைக்க அவர் கண்டுபிடித்த முறையை எந்தச் சமையல் புத்தகமும் இன்னும் எட்டவில்லை: ஒரு சாஸைக் கற்றுக்கொண்ட நாளில் மரத்தில் இடி விழுந்திருந்தால் அது இடி விழுந்த சாஸ். குதிரை செத்திருந்தால் குதிரை செத்த சாஸ். வேல்ஸ் இளவரசரே அந்த மேஜையில் சாப்பிட்டுப் பாராட்டினார். கமாந்தேவுக்கோ அந்தச் சாப்பாட்டின்மேல் துளி மரியாதை கிடையாது. தனக்குப் பிரியமானதாக மக்காச்சோளக் கதிரைத்தான் வைத்துக்கொண்டார்.

அம்மாள் ராத்திரிகளில் டைப்ரைட்டரில் தட்டிக்கொண்டிருப்பதை இவர் சுவரோரமாக நின்று பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: இதைப் புத்தகமாக்கிவிடலாம் என்று உண்மையிலேயே நினைக்கிறீர்களா? அம்மாள், தெரியவில்லை என்றார். கமாந்தே போய் அலமாரியிலிருந்து ஹோமரின் 'ஒடிஸி'யை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். நல்ல தடியான பைண்டு. இதைப் பாருங்கள், தலைகீழாகத் தூக்கி ஆட்டினாலும் சிதறாது, எழுதியவன் கெட்டிக்காரன். உங்களுடையதோ இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம். கதவைத் திறந்துவைத்தால் பறக்கிறது, அப்போது உங்களுக்குக் கோபம் வருகிறது. இது நல்ல புத்தகம் ஆகாது. ஊரில் போய் ஒட்டித் தைத்துக் கொடுப்பார்கள் என்று அம்மாள் விளக்கவேண்டி இருந்தது. அவ்வளவு கனமாக வருமா என்று அடுத்த கேள்வி.

இந்தச் சம்பவத்தை அம்மாளே எழுதியிருக்கிறார், சிரிப்புக்காக. ஆனால் கமாந்தே சொன்னது வாஸ்தவம். 'அவுட் ஆஃப் ஆப்ரிக்கா' பல இடங்களில் துண்டு துண்டாகவே போகிறது. குயில் கூவும் கடிகாரத்தைப் பார்க்க நடுப்பகலில் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவரும் பையன்கள், வீட்டுக்குள் வளைய வரும் லூலு என்ற மான், எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் நாடோடிகள். ஒட்டுப்போட்டதுதான். ஆனால் ஒவ்வொரு துண்டும் தனியாகப் பளபளக்கிறது. பெரிலுடையதும் ஒட்டுவேலைதான். அங்கே பளபளப்பு வேறு மாதிரி. கேரன் அம்மாள் ஒரு வெட்டுக்கிளியைப் பற்றி எழுதினாலும் அரியணையில் இருந்து எழுதுகிறார். வெட்டுக்கிளி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பயிரைத் தின்னும். பெரில் தரையில் ஓடுகிறவர். அயல் வீட்டு வளர்ப்புச் சிங்கம் முதுகில் பாய்ந்த கதையைக்கூட, சிங்கத்தின் மேல் வருத்தமில்லாமல் சொல்கிறார். சுரங்கத் தொழிலாளி ஒருவனின் மூச்சுக்காக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இருட்டில் பறக்கிறார். ஒரே உட்காரலில் படிக்கவேண்டும் என்றால் பெரில். அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும் என்றால் கேரன். எனக்குப் பெரில்தான் பிடிக்கும். அடிக்கோடு போட்ட பக்கங்கள் என்னவோ கேரனில்தான் அதிகம்.

கமாந்தே பிற்பாடு தாமே புத்தகம் போட்டார். 1975இல் பீட்டர் பேர்டு என்ற அமெரிக்கப் படக்கலைஞர், அவர் சொன்ன கதைகளையும் வரைந்த படங்களையும் தொகுத்து வெளியிட்டார். தடியான புத்தகம். கதவைத் திறந்தால் பறக்காது.

சரி, இவர்கள் மறைத்த பூசணித் தோட்டம். கணவர்களை மறைத்தது போகட்டும், அது அவரவர் சொந்த விஷயம். தோட்டம் யாருடையது?

கேரன் அம்மாளிடம் 6000 ஏக்கர் இருந்தது. அதில் ஆயிரம் ஏக்கர் வாக்கில் கிக்குயுக் குடும்பங்கள் குடிசை போட்டுப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் அத்துமீறிக் குடியிருப்பவர்கள். அந்தக் குடியிருப்புக்கு வாடகையாக வருஷத்தில் 180 நாள் எஜமானி நிலத்தில் சொற்பக் கூலிக்கு வேலை செய்யவேண்டும். அவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களுடைய அப்பன்மாரும் அங்கேயே பிறந்தவர்கள். 1914இல் மொம்பாசாவில் கப்பலை விட்டு இறங்கியவர் உரிமையாளர், தாத்தா காலத்திலிருந்து இருப்பவன் அத்துமீறியவன். இந்த விபரீதம் அம்மாளுக்குப் புரியாமல் இல்லை. அவர்கள் பார்வையில் நானும் ஒரு குடிசைவாசி, என்ன, கொஞ்சம் பெரிய குடிசை என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். புரிந்துகொண்டு அடுத்த பத்தியில் காபிப் பூ வாசனைக்குப் போய்விடுகிறார். தோட்டம் விற்றுப்போன கடைசி மாதங்களில் இந்தக் குடும்பங்களைச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் குடிவைக்கச் சொல்லி அரசாங்க அலுவலகங்களில் நடையாய் நடந்து சாதித்தார் என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் அவ்வளவுகூடச் செய்யவில்லை.

தோட்டத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த பூரன் சிங் என்ற இந்தியரைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் அருமை. கென்யாவின் ரயில் பாதையை 1896 முதல் 1901 வரை போட்டுக்கொடுக்க இந்தியாவிலிருந்து கூட்டிப்போனவர்கள் 30,000 பேருக்கு மேல். 2,500 பேர் வாக்கில் அந்த வேலையிலேயே செத்தார்கள். கலப்பை பழுதானால் பூரன் சிங் வேண்டும். ஆனால் அதே மலைநாட்டில் அவர் நிலம் வாங்க முடியாது; அது வெள்ளையருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. ஆப்பிரிக்கர் காபி பயிரிடவும் விடவில்லை. 1930களில்தான் ஒரு சில மாவட்டங்களில் அரைமனதாக அனுமதித்தார்கள். 3,60,000 செடியும் தோற்றுப்போன எஜமானிக்கு உரிமம் உண்டு, அந்த மண்ணை அறிந்தவனுக்கு இல்லை.

1922 மார்ச்சில் ஹாரி துக்கு என்ற இளைஞரை, கழுத்தில் தகரப் பெட்டியில் மாட்டித் திரியவேண்டிய அடையாளச் சீட்டுக்கும் குடிசை வரிக்கும் எதிராகக் கிளப்பிவிட்டார் என்று கைது செய்தார்கள். விடச்சொல்லி நைரோபிக் காவல் நிலையத்துக்கு வெளியே கூடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கிலேயே 20 பேருக்கு மேல் செத்தார்கள். கேரன் அம்மாளின் தோட்டத்திலிருந்து நைரோபி சுமார் 12 மைல். இந்தச் சேதியைத் தெரிந்துகொள்ள அவருடைய புத்தகத்தை நம்பியிருக்கவேண்டாம்.

பெரில் விஷயம் இன்னும் விசித்திரம். அவர் அப்பா கிளட்டர்பக் குதிரை வளர்க்க என்ஜோரோவில் காடு திருத்திக்கொண்டிருந்தார். மகள் செருப்பில்லாமல் நாண்டி இனப் பையன்களோடு ஈட்டி எறிந்து வளர்ந்தாள். புத்தகத்தின் மிக நல்ல பக்கங்கள் அவைதாம். ஆனால் பெரில் 1906இல் வந்து இறங்குவதற்குச் சற்று முன்பு, 1905 அக்டோபரில், நாண்டித் தலைவர் கொய்தலேலைச் சமாதானம் பேச வரச்சொல்லிச் சுட்டுக்கொன்றிருந்தார் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. அந்தக் காடு காலியாகவும் அமைதியாகவும் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெரிலோடு சேர்ந்து ஓடி விளையாடிய கிபீ, பெரியவனானதும் அரப் ரூட்டா என்ற பெயரோடு அவருக்கே வேலைக்காரராகத் திரும்பி வருகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாயால் மெம்சாகிப் என்கிறார். பெரிலுக்கு இது உறுத்துகிறது, எழுதவும் செய்கிறார். உறுத்தலோடு வேலைக்கும் வைத்துக்கொள்கிறார்.

கேரனின் புத்தகம் அமெரிக்காவில் வந்து அமோகமாக விற்ற 1938ஆம் வருஷம், அந்தத் தோட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில் லிமுருவில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து எழுத்தாளர் ங்கூகி வா தியாங்கோ ஆகி, டென்மார்க்குக்கே போய், ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே ஆபத்தானவற்றில் இதுவும் ஒன்று என்கிற தொனியில் விளாசியது. எழுத்து மோசம் என்று அவர் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறதே என்பதுதான் அவர் புகார். அன்பு என்ற பெயரில் எஜமானி தன் ஆட்களைச் செல்லப் பிராணிகளோடு சேர்த்துவிடுகிறார் என்றார். அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தால் லூலு மானும் கமாந்தேவும் ஒரே அன்போடுதான் வர்ணிக்கப்படுகிறார்கள். மறுக்க முடியவில்லை.

1931இல் தோட்டம் கைமாறி மனைமனையாகப் போடப்பட்டது. இன்று நைரோபியில் 'கேரன்' என்றால் பணக்காரர்கள் வாழும் பேட்டை. தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அம்மாள் நினைத்துக்கொண்டார். கம்பெனிக்குக் கேரன் காபி கம்பெனி என்று பெயர் வைத்த மாமனுக்குச் சொந்த மகளே ஒரு கேரன் இருந்தாள், பெயர் அவளுடையது என்கிறார்கள் வேறு சிலர். காபியில் வராத லாபம் மனையில் வந்தது. மாடு வாங்கியிருந்தாலும் இதே கதைதான் ஆகியிருக்கும், இடையில் பாலாவது கிடைத்திருக்கும்.

பெரில் 1936 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தாண்டினார். கடன் வாங்கிய விமானம், பெட்ரோல் குழாயில் பனி, இருபது மணி நேரத்துக்கும் மேல் பறந்து, நியூயார்க் போகவேண்டியவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சதுப்பில் மூக்கைக் குத்தி இறங்கினார். நெற்றியில் காயம். உலகம் கொண்டாடியது. ஆறு வருஷம் கழித்து வந்த புத்தகத்தை உலகம் கண்டுகொள்ளவில்லை, யுத்த நேரம். முன்னால் ஒரு நன்றி உண்டு, உதவியதற்காக ரௌல் ஷூமேக்கருக்கு. அதே வருஷம் அவர் மூன்றாவது கணவர் ஆனார். அந்த நன்றியைப் பிடித்துக்கொண்டு, முழுப் புத்தகத்தையும் எழுதியதே அவர்தான் என்று ஒரு கட்சி. இல்லை, அவரைச் சந்திக்கும் முன்பே பாதி எழுதியாகிவிட்டது என்று ஒரு கட்சி. எரால் ட்ரெஸெபின்ஸ்கி முதல் கட்சி, மேரி லவல் இரண்டாவது. ஷூமேக்கர் தன் பெயரில் இதற்கு ஈடாக எதையும் எழுதிவைக்கவில்லை என்பதை யோசித்தால் எனக்கு இரண்டாவது கட்சி தேவலை என்று படுகிறது. அவர்தான் எழுதினார் என்றாலும், மனைவியின் வாழ்க்கையிலிருந்து மூன்று கணவர்களையும் மனசாரத் துடைத்தெறிந்த ஒரே கணவர் என்ற பெருமை அவருக்கு மிஞ்சும்.

அந்த 1942இல் ஹெமிங்வே தன் பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். புரோரின் சிநேகிதர், கென்யாவில் வேட்டையாடியவர், பெரிலையும் தெரிந்தவர். இந்தப் பெண் சுத்த மோசமான பிறவி என்று அச்சில் ஏற்றத் தயங்கும் ஒரு சொல்லைப் போட்டுத் திட்டிவிட்டு, ஆனால் எழுத்தில் எங்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள், வாங்கிப் படி என்று முடித்தார். 1954இல் நோபல் பரிசு வந்தபோது கேரன் அம்மாளுக்கும் கொடுத்திருக்கலாம் என்று சொன்னவரும் இவரே, திட்டில்லாமல்.

ஹெமிங்வேயின் கடிதங்கள் தொகுப்பாக வந்த பிறகு, கலிஃபோர்னியாவில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ் குட்டெகன்ஸ்ட் என்ற மனிதர் கண்ணில் இந்தக் கடிதம் பட்டது. புத்தகத்தைத் தேடிப் படித்து அசந்துபோய், ஒரு சின்னப் பதிப்பகத்தைப் பிடித்து 1983இல் மறுபதிப்புப் போடவைத்தார். பெரிலுக்கு 80 வயது. நைரோபி குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய சின்ன வீட்டில், கையில் காசில்லாமல், இன்னும் குதிரைகளைப் பழக்கிக்கொண்டிருந்தார். புத்தகம் இந்தத் தடவை பிய்த்துக்கொண்டு போனது.

பின்னட்டையில் ஹெமிங்வேயின் பாராட்டைப் பெரிதாகப் போட்டார்கள். திட்டை வெட்டிவிட்டார்கள். பெரில் ராயல்டியை வாங்கிக்கொண்டார்.